பத்தாவது கோடையிலும் பலன் தருவது எது? புது வீட்டில் குளிர்ச்சிக்கும் கரண்டுக்கும் போடும் பணம்

புது வீட்டுக்கு மதிப்பீடு போடும்போது, கட்டடச் செலவு போக ஒன்றரை, இரண்டு லட்சம் ரூபாயைத் தனியாக ஒதுக்க முடிகிறவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். வெயில் தாங்க முடியவில்லை, கரண்டு பில்லும் தாங்க முடியவில்லை, கட்டும்போதே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு நான்கு பக்கமிருந்தும் யோசனைகள் வரும். மேல்தளத்துக்கு வெப்பக் காப்புப் போடுங்கள் என்பார் ஒருவர். சுவரைக் காற்றுக் குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த ஏஏசி கல்லில் எழுப்புங்கள் என்பார் இன்னொருவர். நல்ல இன்வெர்ட்டர் ஏசி இரண்டு மாட்டினால் போதும் என்பார் கடைக்காரர். சோலார் போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சு இப்போது எல்லாத் தெருவிலும் கேட்கிறது.

நான்கு யோசனையிலும் உண்மை உண்டு. ஆனால் இவற்றை ஒப்பிடுகிற பலரும் வாங்கும் விலையையும் முதல் கோடையையும் மட்டுமே பார்க்கிறார்கள். கட்டியவருக்கு வயதாகும், பிள்ளைகள் வெளியூர் போவார்கள், கூப்பிட்ட நேரத்துக்குக் கொத்தனார் வரமாட்டார். அந்த நிலையில், குடிவந்து பத்தாவது வருடம் வரும் கோடையில் எது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பதுதான் என்னுடைய அளவுகோல். திருச்சிப் பக்கத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடற்கரை ஊர்களிலும் கொங்குப் பகுதியிலும் கணக்கு மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

வெப்பம் எந்த வழியாக வருகிறது

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. ஏப்ரலில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, பிறகு சற்று வடக்கே விலகி, ஆகஸ்டில் மறுபடியும் உச்சிக்கு வருகிறது. அதனால் கத்திரி வெயில் காலத்தில் தெற்குச் சுவரில் நேர்வெயில் விழுவதே இல்லை. வடக்குச் சுவரில் சாய்வாகக் கொஞ்சம் விழும். கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் காயும். மேல்தளம் மட்டும் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை ஓய்வில்லாமல் காய்கிறது.

மே மாத நடுப்பகலில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஐந்து அங்குலக் கான்கிரீட் அந்தச் சூட்டைத் தடுப்பதில் மிகவும் பலவீனமானது. உச்ச நேரத்தில் சதுர மீட்டருக்கு 80 முதல் 100 வாட் வரை வெப்பம் கீழே இறங்கும் என்று கணக்கிடலாம். 12-க்கு 12 அடி படுக்கையறை என்றால் 1,100 முதல் 1,300 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய மொத்த வெப்பமே சுமார் 3,500 வாட்தான். ஏசியின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு மேல்தளத்துக்கே போய்விடுகிறது. அதோடு, பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் இரவில்தான் கக்குகிறது. ஒன்பது மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அனல் இறங்குவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கு ஒற்றைத்தள வீட்டுக்கும் மாடி வீட்டின் மேல்தளத்துக்கும் பொருந்தும். கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு மேற்குச் சுவரும் ஜன்னல்களும்தான் பிரச்சினை. அவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம்.

மேல்தளம்: எதைப் போடுவது

நமக்குப் பழக்கமான முறை, தளத்தின் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, கட்டையால் தட்டிக் கெட்டியாக்கி, அதன் மேல் தட்டு ஓடு பதிப்பது. மழைநீர் தேங்காமல் ஓடுவதற்கான சாய்வு கொடுப்பதே இதன் முதல் வேலை. வெப்பம் குறைவது கூடுதல் லாபம். எவ்வளவு குறைகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்ற அளவு அது. வெறும் கான்கிரீட்டுக்கு இது 3.5 அளவில் வரும். சுண்ணாம்பும் ஓடும் சேர்த்தால் 2.3-க்கு அருகில் இறங்கும். மத்திய மின்துறை 2018-இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற வீடுகளுக்கான விதித்தொகுப்பு, மேல்தளத்துக்கு 1.2-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஆகவே நம் ஊர் ஓட்டுத்தளம் வெறும் தளத்தைவிட மேலானது, ஆனால் போதுமானது என்று சொல்ல முடியாது. சுண்ணாம்பை முறையாக ஊறவைத்துப் பயன்படுத்தும் கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் முடித்துக் கொடுக்கிறார்கள். சுண்ணாம்பு வெயிலுக்கும் குளிருக்கும் சற்று நெகிழ்ந்து கொடுக்கும், சிமெண்டுக் கலவை வெடிப்பு விடும். பழைய வீட்டு மாடிகள் ஐம்பது வருடம் ஒழுகாமல் நின்றதையும் புது ஓட்டுத்தளங்கள் சில வருடங்களிலேயே ஒழுகுவதையும் பார்க்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளைப் பூச்சு இரண்டாவது வழி. செலவு மிகக் குறைவு, பலன் அன்றைக்கே தெரியும். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் மேற்பரப்பு 45, 50 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை முடியும்போது பாசி படர்ந்து கறுத்திருக்கும். வருடாவருடம் கோடைக்கு முன் தேய்த்துக் கழுவ வேண்டும், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் அடிக்க வேண்டும். ஒரு வருடம் விட்டாலும் பலன் பாதியாகிவிடும். ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கு இதைவிடச் சிக்கனமான மருந்து இல்லை. புது வீட்டுக்கு இதை மட்டும் நம்புவது சரியில்லை.

‘கூலிங் டைல்ஸ்’ என்று விற்கப்படும் வெள்ளை ஓடுகள் அதே வேலையைச் செய்து நீடித்தும் நிற்கின்றன. கடைகளில் கழிக்கப்படும் வெள்ளை டைல்களை உடைத்துப் பதித்தாலும் பலன் ஏறக்குறைய அதேதான். கழுவினால் போதும், மறுபூச்சு வேண்டியதில்லை. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மழை நாளில் துணி எடுக்கப் போகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். பக்கத்து வீட்டு மாடி ஜன்னலுக்குள் கண்கூசும் வெளிச்சம் அடிக்கிறதா என்பதையும் யோசித்துக்கொள்வது நல்லது.

நான்காவது, எக்ஸ்பிஎஸ் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் நுரைக் காப்புப் பலகை. 50 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் மேலே சொன்ன எண் 0.5-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வெறும் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்கு வெப்பம்தான் கடக்கும். 25 மில்லிமீட்டர் போட்டாலே 1-க்குக் கீழே வரும். பொட்டலம் கட்ட வரும் தெர்மோகோலும் இதுவும் பார்வைக்கு ஒரே குடும்பம். ஆனால் தெர்மோகோல் பாரத்தில் நசுங்கும், ஈரத்தையும் வாங்கும். விலை குறைவு என்று அதைக் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் உண்டு, கட்டுகிறவர் பக்கத்தில் நின்று பார்த்து வாங்க வேண்டும். தளத்தின் மேல் முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, அது காய்ந்ததும் இரண்டு நாளாவது தண்ணீர் கட்டி ஒழுகுகிறதா என்று சோதனை, அதற்குப் பிறகு பலகை, அதன் மேல் சாய்வுக் கலவை, கடைசியில் ஓடு. இந்த வரிசை மாறக்கூடாது. எல்லாவற்றையும் மூடிய பிறகு ஒழுகினால், தண்ணீர் பலகைக்கு அடியில் ஓடி எங்கேயோ போய்ச் சொட்டும். ஓட்டையைக் கண்டுபிடிக்க முழுத்தளத்தையும் பெயர்க்க வேண்டியிருக்கும்.

மொட்டைமாடி முழுவதும் இரும்புக் கம்பம் நட்டு ஷீட் போடுவது ஐந்தாவது. தளத்தின் மேல் நிழல், நடுவில் காற்று, கீழே துணி காயவும் விசேஷத்துக்குப் பந்தி போடவும் இடம் என்று வாழ்வோடு சேர்ந்த பயன்கள் இதில்தான் அதிகம். பக்கங்களைத் திறந்து விட வேண்டும், மூடி அறையாக்கினால் நிழல் தந்த இடமே சூட்டைத் தேக்கிவைக்கும். ஷீட் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். டெல்டாவிலும் கடற்கரையிலும் இருப்பவர்களுக்கு 2018 நவம்பரில் கஜா புயல் ஷீட்டுகளை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பகுதிகளில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஃபில்லர் தளம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை அது. தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லாத இடங்களில் மங்களூர் ஓடுகளை வைத்து வார்ப்பார்கள். சிமெண்டும் ஜல்லியும் மிச்சமாகும், கீழிருந்து பார்க்க அழகாகவும் இருக்கும். வெப்பக் குறைவு ஓரளவுதான். இதைத் தெரிந்த பொறியாளரும் மேஸ்திரியும் சேர்ந்து கிடைத்தால் செய்யலாம். குளிர்ச்சிக்காக மட்டும் என்றால் காப்புப் பலகை அதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

என் முடிவு, நன்றாகச் செய்த நீர்க்கசிவுத் தடுப்பு, அதன் மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ், மேலே வெளிர்நிற ஓடு. ஆயிரம் சதுர அடித் தளத்துக்குப் பலகையின் விலை மட்டும் ஐம்பது அறுபதாயிரம் அளவில் வரும், ஊருக்கு ஊர் மாறும். ஓடும் கலவையும் எந்த வீட்டுக்கும் போடத்தான் போகிறோம், அவற்றைக் கூடுதல் செலவில் சேர்க்கக்கூடாது. ஓடு அழுக்கானாலும் பலகை தன் வேலையைச் செய்யும். பலகையை யாரும் சர்வீஸ் செய்ய வேண்டியதில்லை. பத்தாவது கோடை என்ற அளவுகோலில் இதை மிஞ்ச வேறொன்றும் இல்லை.

சுவர்: கூடுதல் பணம் அவசியமா

ஏஏசி கல் வெப்பத்தைக் கடத்துவது செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்குதான். எடையும் குறைவு. திடமான சிமெண்டுக் கல் இதற்கு நேர்மாறு, செங்கல்லைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கடத்தும். விலை மலிவு என்று மேற்குச் சுவரைச் சிமெண்டுக் கல்லில் கட்டுவது வாழ்நாள் முழுவதும் செலவு வைக்கும்.

இருந்தாலும் வீடு முழுவதையும் ஏஏசியில் கட்டச் சொல்லி நான் வற்புறுத்தமாட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியில் வாழும் அறைக்குள் வெளிக்காற்று தாராளமாக வந்து போகிறது, அங்கே சுவரின் காப்பு பெரிதாகத் தெரியாது. ஏசி போட்டு மூடி வைக்கும் அறையில் அது நன்றாகவே தெரியும். ஆகவே ஏசி வரப்போகும் படுக்கையறையின் மேற்குச் சுவரை மட்டும் ஏஏசியில் கட்டி, மற்றவற்றைப் பக்கத்தில் கிடைக்கும் செங்கல்லிலோ நிலக்கரிச் சாம்பல் கல்லிலோ கட்டுவது நல்ல ஏற்பாடு. ஏஏசிக்கு அதற்கான மெல்லிய ஒட்டுக் கலவைதான் வேண்டும். கான்கிரீட் தூணோடு சேரும் இடங்களில் வலை வைத்துப் பூச வேண்டும், இல்லாவிட்டால் கோடு கோடாக வெடிக்கும். சாதாரண ஆணி பிடிக்காது என்பதால் கனமான அலமாரி வரும் இடத்தை முன்பே குறித்துவிட வேண்டும்.

எலிப்பொறிக் கட்டு என்ற முறையில், செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவார்கள். செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும், நடுவில் இருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். இதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. தொல்லை வருவது எலக்ட்ரீஷியன் வரும்போது. குழாய் பதிக்கச் சுவரை வெட்டினால் நேராக வெற்றிடத்துக்குள் போய்விடும். மின்குழாய், தண்ணீர்க்குழாய் எங்கே போகும் என்பதைக் கட்டும்போதே முடிவு செய்து அந்த இடங்களை நிரப்பிக் கட்ட வேண்டும். அழுத்திய மண்கல்லில் ஆரோவில்லில் அருமையான கட்டடங்கள் நிற்கின்றன. மண்ணைச் சோதித்து, நான்கு வாரம் ஈரப்பதத்தில் பதப்படுத்தி, மழைச்சாரல் படாமல் கூரையை நீட்டி விடத் தயாராக இருப்பவர்களுக்கே அது ஏற்றது.

ஜன்னல்: விலையில்லாமல் கிடைக்கும் பலன்

மேல்தளத்துக்கு அடுத்து நான் அதிகம் யோசிக்கச் சொல்வது ஜன்னலைத்தான். இதில் கூடுதல் பணம் பெரிதாக வேண்டியதில்லை, எடுக்கும் முடிவுதான் கணக்கு.

இப்போது கட்டும் வீடுகளில் தள்ளித் திறக்கும் யுபிவிசி என்ற பிளாஸ்டிக் சட்ட ஜன்னல் வழக்கமாகிவிட்டது. தூசு உள்ளே வராது, மழை வராது, பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் எப்போதும் பாதிதான் திறக்கும். கதவு போலத் திறக்கும் ஜன்னல் அதே அளவில் முழுவதும் திறக்கும். ஈகோ நிவாஸ் சம்ஹிதா, வெப்பமும் ஈரமும் மிகுந்தவை என்று அது வகைப்படுத்தும் நம்முடையது போன்ற பகுதிகளில், திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 144 சதுர அடி அறைக்கு 24 சதுர அடி. நாலுக்கு நாலரை அடி ஜன்னலைத் தள்ளித் திறக்கும் வகையில் வைத்தால் கிடைப்பது 9 சதுர அடி. கதவு வகையில் வைத்தால் 18. அதே சுவர், அதே ஓட்டை, ஏறக்குறைய அதே விலை, காற்று மட்டும் இரண்டு மடங்கு. கொசுவலை போட்டதும் காற்று மேலும் குறையும் என்பதால் இந்த வித்தியாசம் இன்னும் முக்கியமாகிறது. வலையில் படியும் தூசியை மாதம் ஒருமுறை துடைக்காவிட்டால் ஜன்னல் இருந்தும் இல்லாதது போலத்தான்.

மேற்குப் பக்கம் நம் பகுதியில் ஒரு தர்மசங்கடம். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது, சாயங்கால வெயிலும் அதே பக்கத்திலிருந்து அடிக்கிறது. வெயிலுக்குப் பயந்து மேற்கை அடைத்தால் வருடத்தின் நல்ல காற்றை இழக்கிறோம். இரண்டடி சன்ஷேட் இங்கே உதவாது. நாலு மணிச் சூரியன் தாழ்வாக இருப்பதால் அதற்கு அடியில் புகுந்து வந்துவிடும். இடம் இருந்தால் மேற்கில் ஒரு தாழ்வாரம் வைப்பது முதல் தரம். இல்லாவிட்டால் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி, அல்லது ஓட்டை வைத்த செங்கல் சுவர். திரைச்சீலையை உள்ளே தொங்கவிடுவது கண்ணுக்கு நிழல் தரும், ஆனால் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. தட்டி சில வருடங்களில் நைந்துபோகும், அப்போது சில நூறு ரூபாயில் புதிது வாங்கிக் கட்டலாம். யாருடைய உதவியும் இல்லாமல் மாற்ற முடிகிற ஒன்றை நான் பராமரிப்பு என்று கணக்கிடுவதில்லை.

மேற்கில் புங்கையோ வேம்போ வைப்பதும் நல்லதுதான், சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி. முருங்கை காற்றுக்கு ஒடியும், சமையலுக்கு வேண்டுமானால் வேறு மூலையில் வளரட்டும்.

மின்விசிறி, கூலர், ஏசி

பழைய வகை மின்விசிறி 75 வாட் அளவில் இழுக்கும். பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் உள்ள விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். நான்கு விசிறி உள்ள வீட்டில் 130 யூனிட்.

130 யூனிட் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டுக் கட்டண முறையை வைத்துப் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட் ஆகிவிட்டால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுவதற்குக் காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் 2.25 ரூபாய்க்குப் பதிலாக 4.50 ரூபாய் போட்டார்கள் என்பது. பிறகு கட்டணங்கள் உயர்ந்தாலும் இந்தப் படிக்கட்டு அமைப்பை மனத்தில் வைத்துத்தான் வீட்டுக் கணக்கைப் போட வேண்டும். ஏசி ஓடும் கோடை மாதங்களில் பல வீடுகள் இந்த 500 என்ற கோட்டுக்கு இரண்டு பக்கமும்தான் ஊசலாடுகின்றன. விசிறிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்போல விரைவில் திரும்பி வரும் பணம் வீட்டில் வேறெதிலும் இல்லை. ரிமோட் தொலையும், மின்னணுப் பலகை பழுதாகும் என்ற குறை உண்மைதான். உத்தரவாதக் காலம் அதிகம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும்.

ஏர் கூலர் திருச்சி, கரூர், மதுரை, வேலூர் போன்ற வறண்ட வெயிலுக்கு நன்றாக வேலை செய்யும், ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும். சென்னை, நாகை, தூத்துக்குடி என்று கடற்கரையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

ஏசி வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் மே மாத இரவுகளுக்கு அது அவசியம். ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, அந்த அறையின் தளத்துக்கும் மேற்குச் சுவருக்கும் முழுக் காப்புக் கொடுத்து, கதவிடுக்கை அடைத்து, அங்கே ஒரு டன் ஏசி வைப்பது, காப்பில்லாத மூன்று அறைகளில் மூன்று ஏசி வைப்பதைவிட எல்லா வகையிலும் மேல். காப்பில்லாத அறைக்குக் கடைக்காரர் ஒன்றரை டன் சொல்வார், அவர் சொல்வதும் சரிதான். தளத்தைச் சரிசெய்துவிட்டால் ஒரு டன்னே போதும். 2020 முதல் வரும் ஏசிகள் தொடங்கும்போதே 24 டிகிரியில் நிற்கும்படி விதி உள்ளது. மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டு 26, 27 வரை உயர்த்தினால் உடம்புக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது. கடற்கரையில் வெளியூனிட்டை உப்புக்காற்று அரிக்கும் என்பதால் அங்கே ஏசியின் ஆயுள் குறைவு. பத்தாவது கோடையில் அநேகமாக இரண்டாவது ஏசி ஓடிக்கொண்டிருக்கும். காப்புக்குப் பணம் போடாமல் ஏசிக்குப் போடுகிறவர்கள் இந்த மறுசெலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சோலார்: யாருக்கு, எப்போது

2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிஎம் சூர்ய கர்’ திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் அறிவித்தார்கள். மூன்று கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நாளுக்குச் சராசரியாக 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வரை கிடைக்கும். மானியம் போக ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கைக்காசு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் வீடு, மேலே சொன்ன 2022 கட்டணப்படி, 1,125 ரூபாய் கட்டும். வருடத்துக்கு 6,750. பில் முழுவதும் பூஜ்ஜியமானாலும் போட்ட பணம் திரும்ப 17, 18 வருடம் ஆகும். 1,000 யூனிட் செலவழிக்கும் வீடு 6,550 ரூபாய் கட்டும். சோலார் வந்தபின் நிகரமாக 300 யூனிட்டுக்குக் கட்டினால் 675 ரூபாய். மற்றக் கட்டணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 35,000 ரூபாய் மிச்சம், மூன்றரை வருடத்தில் பணம் திரும்பிவிடும். ஒரே பேனல், ஒரே விலை, ஒரே சூரியன், ஆனால் ஒரு வீட்டுக்கு நல்ல முதலீடு, இன்னொரு வீட்டுக்குச் சுமை. அடுத்த வீட்டுக்காரருக்கு லாபமாக இருந்தது என்ற காரணத்துக்காக மட்டும் இதில் இறங்கக்கூடாது.

ஆகவே புது வீட்டில் சோலாரை உடனே வாங்காமல், ஒரு முழு வருடம் குடியிருந்து, தளக்காப்பும் விசிறியும் வேலை செய்த பிறகு வரும் ஆறு பில்லையும் வைத்துக்கொண்டு முடிவு செய்வதுதான் நல்லது. ஐந்து கிலோவாட் வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இரண்டே போதும் என்று தெரியவரும். மானியம் போய்விடுமோ என்ற அவசரம் புரிகிறது. தேவையில்லாத மூன்று கிலோவாட்டின் விலை எந்த மானியத்தையும்விடப் பெரியது.

ஆனால் அதற்கான ஏற்பாடுகளைக் கட்டும்போதே செய்துவிட வேண்டும். பேனல் தாங்கும் கம்பங்கள் நிற்கக் கான்கிரீட் மேடைகளைத் தளம் வார்க்கும்போதே வைத்து, அவற்றையும் சேர்த்து நீர்க்கசிவுத் தடுப்பைச் செய்ய வேண்டும். பிறகு வந்து ஓட்டில் துளை போட்டு போல்ட் அடித்தால், அத்தனை கவனமாகச் செய்த தளம் அந்தத் துளை வழியாக ஒழுகும். மாடியிலிருந்து மீட்டர் வரை காலிக் குழாய் ஒன்றும் பதித்துவிட வேண்டும். மேடைகளைப் படுக்கையறைக்கு நேர்மேலே வைத்தால் அந்த அறைக்குக் கூடுதலாக நிழலும் கிடைக்கும்.

மின்வாரிய இணைப்போடு சேர்ந்த சாதாரண சோலார், கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக வைத்த பாதுகாப்பு அது. மின்வெட்டில் விளக்கு எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய அமைப்புத் தனியாக வேண்டும், அதற்கு விலையும் பராமரிப்பும் தனி. இதைச் சொல்லாமலே விற்கிறவர்கள் இருப்பதால் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

பேனலுக்குப் பராமரிப்பே இல்லை என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பங்குனி, சித்திரையில் தூசி தடித்துப் படியும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் தங்கிவிடும். மழைநீர்த் தொட்டியில் உள்ள தண்ணீரைக் கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையில் கழுவ வேண்டும். கை எட்டாத உயரத்தில் பேனலை நிறுத்தினால் அறுபது வயதில் யார் ஏறிக் கழுவுவது என்பதையும் இன்றே யோசிக்க வேண்டும்.

வெந்நீருக்கான சோலார் ஹீட்டர் கோவை, ஓசூர், ஏற்காடு, நீலகிரி வீடுகளுக்குத் தேவை. மார்கழியில் மட்டும் வெந்நீர் தேடும் சமவெளிக்காரர்களுக்கு அந்தப் பணம் வீண்.

பணம் குறைந்தால் எதை விடுவது

இரண்டு லட்சம் முழுவதும் இருந்தால், தளக்காப்பு, மேற்கு நிழல், விசிறிகள், காப்புக் கொடுத்த அறையில் ஓர் ஏசி, சோலாருக்கு மேடையும் காலிக் குழாயும். ஒரு லட்சம்தான் என்றால் ஏசியைத் தள்ளிப்போடலாம், பிறகு எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம். ஐம்பதாயிரம் என்றால் படுக்கையறைகளுக்கு மேலே மட்டும் 25 மில்லிமீட்டர் பலகை, தளம் முழுவதும் வெள்ளை ஓடு. தளத்துக்கு உள்ளே போகும் பொருளை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது, அதற்குத் திரும்பிப் போக வழியில்லை.

கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் மாசி மாதத்தில், மழையின் ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு, மாடியைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, இரண்டு கோட்டு வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி, தினமும் அதிக நேரம் ஓடும் இரண்டு விசிறிகளுக்குப் பதில் பிஎல்டிசி. வீடு மாறும்போது விசிறியைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம், தட்டியையும் சுருட்டி எடுத்துக்கொள்ளலாம், பூச்சுக்கான செலவை வீட்டுக்காரரோடு முன்பே பேசிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம்.